பிளக்ஸில் ‘இவண்’ என்று போட்டு நிற்பவர்கள் எதற்கு?

தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முந்தின வாரங்களில் திருநெல்வேலி பக்கம் எந்த முக்கில் நின்றாலும் ஒரு பிளக்ஸ் கண்ணில் படும். மேலே வரிசையாகக் கட்சித் தலைவர்கள், வட்டத்துக்குள் மறைந்த தலைவர்கள், நடுவில் வெள்ளை வேட்டியோடு நம்மைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி வேட்பாளர் (அல்லது சீட்டுக்கு முட்டி மோதிக்கொண்டிருப்பவர்), அப்புறம் கீழே ‘இவண்’ என்று சின்னதாகப் போட்டு ஸ்டாம்ப் சைஸில் பதினாலு முகம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பேர். அதில் ரெண்டு பேராவது செல்போனைக் காதில் வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரித்தவன்தான். வண்ணார்பேட்டையில் அத்தான் நடத்துகிற பிளக்ஸ் கடையில் ஒரு தேர்தல் சீசன் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்த முகங்களை வெட்டி ஒட்டிய பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் வேட்பாளர் முகம் எல்லாருக்கும் தெரியும், ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பது கீழே இருக்கும் பதினாலைத்தான். “ஏல, நம்ம வெல்டிங் பட்டறை அண்ணாச்சில்லா இது? எப்பம்ல இந்தக் கட்சிக்குப் போனாவ?”

அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் பிளக்ஸ் போட்ட காசு தேறிவிட்டது என்று அர்த்தம்.

வேட்பாளருக்காக வேறொருவர் பேசுவது, பக்கத்தில் நிற்பது, கையைப் பிடித்து உயர்த்துவது எல்லாவற்றுக்கும் ஆதரவு தெரிவித்தல் என்று பெயர். வீட்டுப் பேச்சில் சொன்னால் சிபாரிசு. சினிமா நடிகர் திறந்த வேனில் நின்று கும்பிடுவதும் சிபாரிசுதான், வியாபாரிகள் சங்கம் அறிக்கை விடுவதும் சிபாரிசுதான், பீடி சுற்றுகிற அக்கா ஒருத்தி வாட்ஸ்அப் வீடியோவில் ‘எங்க தெருவுக்குத் தண்ணி வந்துட்டு’ என்று சொல்வதும் சிபாரிசுதான். ஆனால் இவை எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை, சிலது வேலையே செய்வதில்லை, சிலது திருப்பி அடிக்கும்.

முதலில், வேட்பாளர் தானே வந்து ‘நான் நல்லவன்’ என்று சொன்னால் போதாதா? போதாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவர் வேறென்ன சொல்லப்போகிறார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அவர் சொல்வதில் புதுத் தகவல் எதுவும் இல்லை. டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் நிற்கிற வரிசையை யோசித்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்குக் கோதுமைப் பால் எப்படி எடுத்தார்கள், எத்தனை நேரம் கிண்டினார்கள் என்று எதுவும் தெரியாது. வரிசை மட்டும் தெரியும். ‘இத்தனை பேரும் கோட்டிக்காரனுவளா?’ என்று மனசு ஒரு கணக்குப் போடுகிறது, போட்டுவிட்டு அவரும் போய்க் கடைசியில் நின்றுகொள்கிறார். அந்தக் கணக்குக்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது: வரிசையில் நிற்பவனுக்கு அல்வா விற்பதால் ஒரு பைசா லாபம் கிடையாது. எந்தக் கடையானாலும் சரி, வரிசையில் நிற்பவர்களுக்குக் காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்த நிமிஷமே அந்த வரிசைக்கு மதிப்புப் போய்விடும். சிபாரிசுக்கும் அதே விதி. சொல்கிறவர் யார் என்பது பாதிதான், சொல்வதால் அவருக்கு என்ன வரும், என்ன போகும் என்பது மீதி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இன்னொரு காரணம் நேரம். ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், மேலே இருக்கிற வழக்கு எல்லாவற்றையும் எழுதிப் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார், தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நமக்குப் படிப்பறிவு இல்லாமல் இல்லை, பிழைப்பைப் பார்க்கவே பொழுது சரியாக இருக்கிறது. அதனால் குறுக்கு வழி தேடுகிறோம். இது தப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. 1988-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாகன இன்சூரன்ஸ் சம்பந்தமாக ஐந்து திட்டங்களை ஒரே வாக்குச்சீட்டில் வைத்து மக்களிடம் கேட்டார்கள், ஐந்தும் வக்கீல் பாஷையில், தலையும் புரியாது வாலும் புரியாது. ஆர்தர் லூப்பியா என்ற அரசியல் ஆய்வாளர் ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் விசாரித்து 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். திட்டத்தின் உள்விவரம் தெரியாவிட்டாலும், எதை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஆதரிக்கின்றன என்று மட்டும் தெரிந்தவர்கள், எல்லாவற்றையும் படித்துக் கரைத்துக் குடித்தவர்கள் மாதிரியே ஓட்டுப் போட்டிருந்தார்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கிற ஒரு சம்சாரி, தண்ணீர் விஷயத்தில் தன்னோடு ஒத்துப்போகிறவர் யார் பக்கம் நிற்கிறார், மணல் லாரி வைத்திருப்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்று பார்த்து முடிவு செய்வதும் இதே சங்கதிதான். அவரை விவரம் இல்லாதவர் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

சரி, நடிகர்கள் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இதைத் தாண்டிப் போக முடியாது.

1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டுப் போட்டு அவர் இருக்கிற படத்தைச் சுவரொட்டியாக அடித்து ஊர் ஊராக ஒட்டினார்கள். அவர் மேடை ஏறவில்லை, பேசவில்லை, பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. முதல் தடவையாக ஆட்சிக்கு வந்தது. ஒரு வார்த்தைகூட இல்லாத சிபாரிசு அது. ஆனால் இதை மட்டும் வைத்து ‘நடிகர் சொன்னால் தமிழன் ஓட்டுப் போட்டுவிடுவான்’ என்று எழுதுகிறவர்கள் அந்த வருஷத்து அரிசித் தட்டுப்பாட்டையும் 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

ரஜினிகாந்தை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாக இருக்கும். 1996-ல் அவர் தி.மு.க. - த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாகப் பேசினார், அந்தக் கூட்டணி அள்ளிக்கொண்டு போனது, ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 2004-ல் அதே ரஜினி பா.ம.க.வை எதிர்த்தார், என் ஓட்டு பா.ஜ.க. கூட்டணிக்கு என்றும் சொன்னார். தமிழ்நாடு, புதுச்சேரி சேர்த்து நாற்பது தொகுதியும் எதிர்ப்பக்கம் போய்விட்டது, பா.ம.க. நின்ற ஆறிலும் ஜெயித்தது. அதே ஆள், அதே ரசிகர்கள், எட்டு வருஷ இடைவெளி. களத்தில் நெல் தூற்றுகிறவரைக் கேளுங்கள், காற்று அடிக்கிற பக்கம்தான் பதர் போகும், சுளகை எவ்வளவு அழகாகப் பிடித்தாலும் சரி. 1996-ல் கோபம் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது. ரஜினி அதற்கு ஒரு குரல் கொடுத்தார்.

2011-ல் வடிவேலு. தி.மு.க.வுக்காக விஜயகாந்தைத் தாக்கித் தமிழ்நாடு முழுக்கப் பேசினார், போன இடமெல்லாம் கூட்டம், மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிவு வந்தபோது அ.தி.மு.க. கூட்டணிக்கு 203, தி.மு.க.வுக்கு 23, விஜயகாந்த் கட்சிக்கு 29. கூட்டம் வேறு, ஓட்டு வேறு என்று அன்றைக்கு ஊரே பேசிக்கொண்டது. காசில்லாமல் வடிவேலுவை நேரில் பார்க்கலாம் என்றால் நானும்தான் போவேன். நடிகர் கவனத்தை வாங்கித் தருவார், செய்திச் சேனலில் இடம் வாங்கித் தருவார், வேட்பாளர் பேரை ஊருக்குத் தெரிய வைப்பார். பேரே தெரியாத புது வேட்பாளருக்கு இது பெரிய விஷயம். ஆனால் பார்க்க வந்தவன் நம்ப வந்தவன் அல்ல.

அப்படியானால் பிரபலம் சொல்லி ஓட்டு நகர்ந்ததற்கு அளந்து சொன்ன உதாரணம் உண்டா என்றால் ஒன்று உண்டு. 2007-ல் ஓப்ரா வின்ஃப்ரே, அமெரிக்க டிவியின் பெரிய முகம், ஒபாமாவை ஆதரித்தார். அதற்கு முன்னால் அவர் எந்த வேட்பாளரையும் ஆதரித்தது கிடையாது. கிரெய்க் கார்த்வெய்ட், டிமத்தி மூர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எந்தெந்தப் பகுதியில் ஓப்ராவின் பத்திரிகை அதிகம் விற்கிறது, அங்கே ஒபாமாவுக்கு எவ்வளவு விழுந்தது என்று ஒப்பிட்டு, அவருடைய ஆதரவால் சுமார் 10 லட்சம் ஓட்டு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் அது கட்சிக்குள்ளே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல். இரண்டு பக்கமும் ஒரே கட்சிக்காரர்கள், ‘நான் பரம்பரையாக இந்தக் கட்சி’ என்ற பிடிமானம் அங்கே உதவாது. பிடிமானம் இல்லாத இடத்தில்தான் அடுத்தவர் வார்த்தை எடுபடும்.

நம்மூரில் இதற்குச் சரியான ஜோடி ஊராட்சித் தேர்தல். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. 2021 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்தபோது பூட்டு சாவி, கை உருளை, ஆட்டோ என்று வருகிற சின்னங்களில் யார் யார் என்று புரியவே ஒரு வாரம் ஆனது. எங்கள் பக்கத்து ஊரில் அந்த ஒரு வாரமும் முடிவு செய்தது மேடைப் பேச்சு இல்லை. ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியார் யார் வீட்டுக்குக் காலையில் போனார் என்பதை ஊரே கவனித்தது.

வாத்தியார் மாதிரி ஆட்களைப் பற்றி ரொம்ப நாள் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1940-ல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மறுபடி நின்ற தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்பவரும் அவர் குழுவும் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்தில் ஒரே 600 பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை திரும்பத் திரும்பப் பார்த்துப் பேசினார்கள். வானொலியும் பத்திரிகையும் மனசை மாற்றும் என்று நினைத்துப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. தெருவுக்கு ஒருவர், வேலையிடத்துக்கு ஒருவர் என்று சிலர் செய்தியைக் கூர்ந்து படிக்கிறார்கள், மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். செய்தி நேராகப் போகவில்லை, நடுவில் ஓர் ஆள் வழியாகப் போகிறது. இதைத்தான் இரண்டு படி ஓட்டம் என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிறார்கள். நம் டீக்கடை பெஞ்சில் தினத்தந்தியைச் சத்தமாக வாசிக்கிறவர்தான் அந்த நடு ஆள். பூத் கமிட்டிக்காரர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் நோட்டில் தெருவாரியாக அந்த ஆட்களின் பேர் இருக்கும்.

இப்போது ஒரு வீடியோ கதை. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அத்தானுக்கு ஒரு வேட்பாளரின் ஆட்கள் நாற்பது செகண்ட் வீடியோ எடுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள் (எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை, எல்லாரும் எடுக்கிறார்கள்). சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் எழுதிக்கொண்டுபோன வசனத்தைக் கொடுத்தோம். ‘அடிப்படை வசதிகளை மேம்படுத்தி எங்கள் வாழ்வாதாரத்தை உயர்த்திய’ என்று ஆரம்பிக்கும். முதல் தடவை ‘மேம்படுத்தி’யில் தடுக்கினார். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார், ஆனால் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, கை பீடி இலையை மடித்தபடியே, “தண்ணி வந்துட்டு தம்பி. மூணு நாளைக்கு ஒருக்காதான் வருது, இல்லேங்கல. ஆனா முன்ன வண்டிக்காரன்ட்ட கொடம் அஞ்சு ரூவாய்க்கி வாங்குனோம்லா” என்றார். வேட்பாளரின் ஆளுக்கு முகம் சுண்டிவிட்டது. மூணு நாளைக்கு ஒருக்கா என்பதை வெட்டச் சொன்னார். அத்தான் வெட்டாமல் இரண்டையும் காட்டினார், கடைசியில் வெட்டாததுதான் போனது, அதுதான் குழுவுக்குக் குழு பரவியது.

காரணம் லேசானது. குறையையும் சேர்த்துச் சொல்கிற ஆள் பொய் சொல்ல வந்தவர் இல்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். ‘அஞ்சு ரூவா கொடம்’ என்பது சொந்தமாக அனுபவிக்காமல் வராத வார்த்தை. அது மட்டுமல்ல, அந்த அக்கா நாளைக்கும் அதே தெருவில் பீடிக்கடைக்குப் போக வேண்டும், பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்பார்கள். நடிகருக்கு அந்தப் பயம் இல்லை, வேன் அன்றைக்கே கிளம்பிவிடும். எங்கள் ஆச்சியிடம் அந்த வீடியோவைக் காட்டியபோது முழுசாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “அவளுக்கு என்னல குடுத்தாவ?” ஒன்றும் கொடுக்கவில்லை, ஒரு டீயும் வடையும்தான் என்றேன். “அப்பம் சரிதான்.”

எதிர்பாராத ஆள் ஆதரித்தால் அதற்குத் தனி எடை உண்டு. கட்சிப் பத்திரிகை அந்தக் கட்சியையே ஆதரிக்கச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சியாங், நைட் என்று இரண்டு பேர் அமெரிக்கப் பத்திரிகைகள் வேட்பாளர்களை ஆதரித்து எழுதும் தலையங்கங்களை ஆராய்ந்து 2011-ல் சொன்னது இதுதான்: வழக்கமாக எந்தப் பக்கம் சாய்கிற பத்திரிகை என்று வாசகருக்குத் தெரியும், அந்தப் பக்கமே சாய்ந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் படிக்கிறார், மாறிச் சாய்ந்தால் நிமிர்ந்து உட்காருகிறார். நம் ஊர்க் கதையில் இதற்கு 1954 குடியாத்தம் இடைத்தேர்தல். காமராசர் முதலமைச்சராகிவிட்டு சட்டமன்றத்துக்குள் வருவதற்காக நிற்கிறார், காங்கிரஸ் வேட்பாளர். காங்கிரஸைக் காலமெல்லாம் எதிர்த்த பெரியார் அவரை ஆதரித்தார். ‘இவரே சொல்கிறார் என்றால்’ என்ற நினைப்பு வருகிறதே, அந்த ‘இவரே’யில்தான் வேலை நடக்கிறது. 1964-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான்சன் தரப்பு நாலு நிமிஷ டிவி விளம்பரம் ஒன்று போட்டது. ஒரு மனிதர் சிகரெட் பிடித்தபடி, நான் எதிர்த்து நிற்கிற குடியரசுக் கட்சிக்காரன், ஐசனோவருக்குப் போட்டேன், நிக்சனுக்குப் போட்டேன், ஆனால் இந்தத் தடவை எங்கள் கட்சி நிறுத்தியிருக்கிற ஆளைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று புலம்புவார். பேசியவர் நடிகர், ஆனால் நிஜமாகவே குடியரசுக் கட்சிக்காரர். சொந்த வீட்டைக் குறை சொல்ல ஒருத்தனுக்கு வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் நம்புகிறோம். கட்சி மாறி வருகிறவரை மேடையில் ஏற்றி உடனே மைக்கைக் கையில் கொடுப்பதும் இதற்காகத்தான். ஆனால் நாலாவது தடவை மாறி வருகிறவரைக் கொடுத்தால் கீழே இருந்து விசில் வேறு மாதிரி வரும்.

திருப்பி அடிக்கும் என்று சொன்னேனே. ஒரு பிளக்ஸில் பதினாலு முகத்தில் பதிமூணு பேர் நல்லவர்களாக இருந்து ஒருவர் ஊரறிந்த கந்துவட்டிக்காரராக இருந்தால், அந்த ஒருவருக்காகவே ஓட்டு மாறும். வள்ளியூர்ப் பக்கம் பெரியப்பா ஒருவர் இருக்கிறார், எந்த வேட்பாளரையும் தெரியாது, யார் யார் கூட நிற்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பார். “இந்தப் பய நிக்கானா? அப்பம் அது நமக்கு ஆவாது.” கலிபோர்னியாவில் இன்சூரன்ஸ் கம்பெனியைப் பார்த்து முடிவெடுத்தவர்களுக்கும் பெரியப்பாவுக்கும் வித்தியாசமே இல்லை. இதனால்தான் சில பேரை, காசு கொடுத்தாலும் பரவாயில்லை, படத்தைப் போடாதீர்கள் என்று கட்சிக்காரர்களே எங்களிடம் வந்து ரகசியமாகச் சொல்வார்கள். அவர் காதுக்குப் போனால் வேறு வம்பு.

கொஞ்சம் பயமுறுத்துகிற சங்கதி ஒன்றும் இருக்கிறது. 1951-ல் ஹவ்லண்ட், வைஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பகமான ஆள் எழுதியது என்றும் சிலருக்கு நம்பக்கூடாத இடத்திலிருந்து வந்தது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். படித்த உடனே கேட்டால் எதிர்பார்த்தபடிதான், நம்பகமானவர் சொன்னது அதிகம் எடுபட்டிருந்தது. நாலு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது. யார் சொன்னது என்பது மனசில் தளர்ந்துபோய், சொன்ன விஷயம் மட்டும் தங்கிவிட்டது. ‘சவத்த விடு, இது அந்தக் கட்சிக்காரன் போட்டது’ என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட ஒன்றை ஒரு மாசம் கழித்து ‘எங்கேயோ கேள்விப்பட்டேன்’ என்று நாமே இன்னொருவரிடம் சொல்கிறோமே, அது இதுதான். தேர்தலுக்கு ரொம்ப முன்னாலிருந்தே விளம்பரம் ஓடுவதில் ஓர் அர்த்தம் இருக்கிறது.

பொய்ச் சிபாரிசு புதுசு இல்லை. 1952-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ஐசனோவருக்காக எடுத்த டிவி விளம்பரங்களில் சாதாரண மக்கள் கேள்வி கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். நிஜத்தில் அவர் ஒரே நாளில் பதில்களை மட்டும் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார், அப்புறம் நியூயார்க்கில் சுற்றிப்பார்க்க வந்தவர்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக் கேள்விகளைப் படமெடுத்துச் சேர்த்தார்கள். எங்கள் கடைக்கும் அப்படி ஒரு வேலை வந்தது. ‘பயனடைந்த விவசாயி’ என்று போட ஒரு முகம் வேண்டும், ஆள் கிடைக்கவில்லை, இணையத்தில் எடுத்துப் போடுங்கள் என்றார்கள். நானும் எடுத்துப் போட்டேன், மறைப்பானேன். தலைப்பாகை கட்டிய அந்தப் பெரியவர் பின்னால் இருந்த வயல் கோதுமை வயல் என்று களக்காட்டு வாழைக்காரர் ஒருவர் கண்டுபிடித்து, அதைப் படமெடுத்து, ‘நம்ம ஊர்ல கோதுமை வெளையுது, அல்வாவுக்கு இனிமே பஞ்சமில்ல’ என்று போட்டுவிட்டார். மூன்று நாள் கடைப் போனை எடுக்க முடியவில்லை.

இப்போது இன்னொரு கட்டம் வந்துவிட்டது, செத்துப்போனவர்களும் ஆதரவு தெரிவிக்கிறார்கள். 2024 ஜனவரியில் ஒரு விழாவில் கருணாநிதி செயற்கை நுண்ணறிவு வீடியோவில் வந்து பேசினார், அவர் காலமானது 2018-ல். அடுத்த மாதம், பிப்ரவரி 24 அன்று, ஜெயலலிதாவின் குரலை அதே மாதிரி உருவாக்கி அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டு கட்சியும் இது செயற்கை என்று மறைக்கவில்லை என்பது வேறு விஷயம். என் சந்தேகம் வேறு: மேலே சொன்ன கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குரல் தப்பாகச் சொன்னால் அதற்கு என்ன போகும்?

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். தலைமுடி எண்ணெய் விளம்பரத்தில் நடிகர் பொய் சொன்னால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவருக்கே 10 லட்சம் வரை அபராதம் போடலாம். ஓட்டு சரக்கும் இல்லை சேவையும் இல்லை, அதனால் தேர்தல் சிபாரிசுக்கு அந்தச் சட்டம் வராது. இங்கே வருவது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதன் 127ஏ பிரிவுப்படி நோட்டீஸ், போஸ்டர் எதிலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் பேரும் விலாசமும் இருக்க வேண்டும், மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸின் அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி இருக்கும், அதைப் படித்தால் ‘நடுநிலைப் பொதுமக்கள்’ என்ற பேரில் வந்த நோட்டீஸ் யார் வீட்டிலிருந்து வந்தது என்று பல சமயம் தெரிந்துவிடும். அந்த வரியே இல்லாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். சாதியை, மதத்தைச் சொல்லி ஓட்டு கேட்பது 123-வது பிரிவில் ஊழல் நடவடிக்கை, தேர்தலே செல்லாமல் போகலாம், ஆனால் ‘இவண்’ வரிசையில் எந்தெந்தத் தெருவுக்கு யார் யார் என்று பார்த்துப் பார்த்து அடுக்குவதை எந்தப் பிரிவும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் நட்சத்திரப் பேச்சாளர் பட்டியல் கொடுக்கலாம், நாற்பது பேர் வரை. அவர்கள் சுற்றி வருகிற பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. பேஸ்புக்கில் வருகிற அரசியல் விளம்பரத்துக்கு யார் காசு கட்டினார்கள் என்பதை அவர்களுடைய விளம்பர நூலகப் பக்கத்தில் தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை.

இத்தனை பாடுபட்டு எவ்வளவு ஓட்டு நகரும்? பெரும்பாலும் கொஞ்சம்தான். கட்சிக்காரன் கட்சிக்குப் போடுவான், கோபக்காரன் கோபத்துக்குப் போடுவான், நடுவில் இருக்கிற சில பேர்தான் யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். ஆனால் 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. வெல்டிங் பட்டறை அண்ணாச்சியின் சொந்தக்காரர்களே அதற்கு மேல் இருப்பார்கள்.

அந்தப் பதினாலு பேரில் ஒருவர் தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். அவர் ஆதரித்தவர் தோற்றிருந்தார். ஜெயித்தவருக்கு வாழ்த்து பிளக்ஸ் ஒன்று அவசரமாக வேண்டும், சாயங்காலத்துக்குள் முக்கில் கட்டிவிட வேண்டும் என்றார். புதுசாகப் போட்டோ எடுக்கணுமா அண்ணாச்சி என்று கேட்டேன்.

“எதுக்குலே, போன பிளக்ஸ்ல போட்டதயே எடுத்து ஒட்டு. துண்டு கலர மட்டும் மாத்திரு.”